வாசகர் கேள்வி – பதில்: 2024இல் மனதில் நின்ற வீடியோ கேம்கள்

2024இல் வந்த கேம்களில் உங்களுக்குப் பிடித்தவற்றை வரிசையாகச் சொல்லுங்களேன். விருதுப் பட்டியல் வேண்டாம். நீங்களே திரும்பத் திரும்பத் திறந்து ஆடுபவை எவை?
– ஆர்.கே., கோவை

போக்கர் சீட்டுக் கைகளால் மதிப்பெண் சேர்க்கும் பலாட்ரோவுக்குத்தான் முதலிடம். அடுத்து, தொழிற்சாலை கட்டும் ஆட்டமான ஃபேக்டோரியோவின் 'ஸ்பேஸ் ஏஜ்' விரிவாக்கம். மூன்றாவதாக எல்டன் ரிங்கின் 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ'. பிறகு அனிமல் வெல், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி லாஸ்ட் கிரவுன், ஆஸ்ட்ரோ பாட். டிராகன்ஸ் டாக்மா 2இல் குறைகள் நிறைய. ஆனாலும் பட்டியலிலிருந்து அதை எடுக்க மனம் வரவில்லை.

வரிசைக்கு ஒரே அளவுகோல்தான்: தோற்றுப்போனால் ஏன் தோற்றோம் என்பதை ஆட்டத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க முடிய வேண்டும். கை வேகம் போதவில்லையா, கணக்கு தப்பா, வழியில் எதையாவது பார்க்காமல் வந்துவிட்டோமா என்பது தெரிந்தால்தான் அடுத்த முறை ஆட ஆசை வரும். பலாட்ரோவில் இந்தக் கணக்கு திரையிலேயே ஓடுகிறது. கனடாவைச் சேர்ந்த ஒரே ஆள், லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் உருவாக்கி 2024 பிப்ரவரி 20இல் வெளிவந்த ஆட்டம் அது. அனிமல் வெல்லும் தனி ஒருவர் வேலைதான்: பில்லி பாஸோ சுமார் 7 ஆண்டுகள் உழைத்து மே 9இல் வெளியிட்டார்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவைப் பற்றி யாரும் கேட்டு எழுதவில்லை என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜனவரி 18இல் வந்தது. காஃப் மலையில் நடக்கும் கதை. குரலைப் பாரசீக மொழிக்கு மாற்றிக்கொண்டு ஆடலாம், அப்படியே ஆடுங்கள். புதிய சக்தி கிடைக்கக் கிடைக்கப் பழைய இடங்களுக்குத் திரும்பிப் போகும் இந்த வகை ஆட்டங்களில் பெரிய தலைவலி, பாதி வழியில் பார்த்த பூட்டிய கதவு எங்கே இருந்தது என்று மறந்துபோவது. இதில் ஒரு பட்டனை அழுத்தினால் அந்த இடத்தின் படம் எடுக்கப்பட்டு வரைபடத்தில் அதே புள்ளியில் ஒட்டிக்கொள்ளும். புதிய சக்தி கிடைத்த பிறகு வரைபடத்தைத் திறந்து படங்களைப் பார்த்தால் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். இந்தப் படங்களுக்கான 'மெமரி ஷார்ட்' எண்ணிக்கை ஆரம்பத்தில் குறைவு. ஆகவே பெட்டி தெரிகிறது ஆனால் எட்டவில்லை என்ற இடங்களுக்கு மட்டும் செலவிடுங்கள். சண்டையில், மஞ்சளாக மின்னும் அடியை நேரம் பார்த்துத் தடுத்தால் பெரிய பதிலடி கிடைக்கும். சிவப்பாக மின்னினால் தடுக்கவே முடியாது, விலகத்தான் வேண்டும். இவ்வளவு நேர்த்தியான ஆட்டத்தை உருவாக்கிய குழுவை அதே ஆண்டு அக்டோபரில் பிரித்து வெவ்வேறு வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது வருத்தமான செய்தி.

பலாட்ரோவில் 5, 6ஆவது ஆன்ட்டைத் தாண்டவே முடியவில்லை. எப்போதும் ஃப்ளஷ்தான் போடுகிறேன். ஜோக்கர் இடம் ஐந்தும் நிரம்பியிருந்தும் மதிப்பெண் போதவில்லை. எங்கே தப்பு?
– எஸ்.எம்., மதுரை

புதியவர்களுக்கு ஒரு வரி: ஆன்ட் என்பது ஒரு கட்டம்; ஒவ்வொன்றிலும் ஸ்மால், பிக், பாஸ் என மூன்று பிளைண்டுகள், அதாவது குறித்த மதிப்பெண்ணை எட்ட வேண்டிய சுற்றுகள்; ஜோக்கர் என்பது மதிப்பெண்ணை ஏற்ற உதவும் சிறப்புச் சீட்டு. முதலில் ஆட்டம் கேட்கும் கணக்கைப் பாருங்கள். தொடக்க நிலையில் ஒவ்வொரு ஆன்ட்டின் ஸ்மால் பிளைண்டுக்கும் தேவைப்படும் மதிப்பெண்: 300, 800, 2,000, 5,000, 11,000, 20,000, 35,000, 50,000. பிக் பிளைண்ட் அதில் ஒன்றரை மடங்கு. பாஸ் பெரும்பாலும் இரண்டு மடங்கு. அதாவது முதல் ஆன்ட் பாஸுக்கு 600 போதும்; ஆறாவது ஆன்ட் பாஸுக்கு 40,000 வேண்டும். இந்த வேகத்துக்குக் கூட்டல் ஈடுகொடுக்காது. பெருக்கல் வேண்டும். நீங்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

ஒரு கைச்சீட்டை எடுத்துக்கொள்வோம். ஆர்ட்டின் ஏஸ், ராஜா, 10, 8, 4. சீட்டு மதிப்பு 11, 10, 10, 8, 4, மொத்தம் 43. முதல் நிலை ஃப்ளஷின் (ஒரே சின்னமுள்ள ஐந்து சீட்டு) அடிப்படை 35 சிப், 4 மடங்கு. 35ஐயும் 43ஐயும் கூட்டினால் 78; 4ஆல் பெருக்கினால் 312. ஜோக்கர் ஒன்றுகூட இல்லாமல் முதல் பிளைண்ட் ஒரே கையில் முடிந்தது. அதனால்தான் ஃப்ளஷ் எல்லோருக்கும் ஆரம்பத்தில் இனிக்கிறது.

இப்போது இரண்டு ஜோக்கர்கள். ஃப்ளஷ் போட்டால் மடங்கில் 10 கூட்டும் 'ட்ரோல் ஜோக்கர்'. ஃப்ளஷ் போட்டால் மடங்கை இரட்டிப்பாக்கும் 'தி டிரைப்'. ஜோக்கர்கள் இடமிருந்து வலமாகத்தான் வேலை செய்யும். டிரைப் இடதுபக்கம் இருந்தால் 4ஐ இரட்டித்து 8, அதோடு 10 கூட்டி 18, மதிப்பெண் 1,404. டிரைப் வலதுபக்கம் இருந்தால் 4உம் 10உம் சேர்ந்து 14, இரட்டித்தால் 28, மதிப்பெண் 2,184. அதே சீட்டு, அதே ஜோக்கர், இடம் மாறியதில் மட்டும் 780 வித்தியாசம். கூட்டுவது இடப்பக்கம், பெருக்குவது வலப்பக்கம். வாங்கிய வரிசையிலேயே விட்டுவிடாமல், ஒவ்வொரு கைக்கும் முன் பாருங்கள், இழுத்து மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது, கையின் நிலையை உயர்த்தும் கோள் சீட்டு. ஜூபிடர் ஒவ்வொன்றும் ஃப்ளஷுக்கு 15 சிப், 2 மடங்கு கூட்டும். நான்கு ஜூபிடர் வாங்கினால் ஃப்ளஷ் ஐந்தாம் நிலைக்கு வரும்: 95 சிப், 12 மடங்கு. அதே சீட்டுகளோடு 138 சிப். மடங்கு 12உம் 10உம் கூட்டி 22, இரட்டித்தால் 44. ஒரு கைக்கு 6,072. நான்கு கையிலும் ஃப்ளஷ் விழுந்தால் சுமார் 24,000. ஐந்தாவது ஆன்ட் பாஸின் 22,000ஐ மயிரிழையில் தாண்டுவீர்கள். ஆறாவதன் 40,000க்கு முன் நிற்பீர்கள். உங்கள் கடிதத்தில் இருப்பது அப்படியே இந்த நிலைமைதான்.

இங்கே இன்னொரு கூட்டல் ஜோக்கர் உதவாது. இரண்டாவது பெருக்கல் வேண்டும். 'புளூபிரிண்ட்' தன் வலப்பக்கத்து ஜோக்கரை அப்படியே நகலெடுக்கும். அதை டிரைபுக்கு இடப்பக்கம் வைத்தால் 22 இருமுறை இரட்டிக்கிறது, 88. ஒரு கை 12,144. நான்கு கை 48,000க்கு மேல். ஆட்டம் திறந்துவிட்டது. புளூபிரிண்ட் அரிதானது, சுற்றுகளுக்கு இடையே வரும் கடையில் அது வராமலும் போகலாம். வேறு எந்தப் பெருக்கல் ஜோக்கர் வந்தாலும், முதல் ஆன்ட்டிலிருந்து வைத்திருக்கும் ஒரு கூட்டல் ஜோக்கரை விற்றுவிட்டு வாங்குங்கள். பழைய ஜோக்கர் மேல் பாசம் வைத்துத் தோற்பவர்களே அதிகம்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். சுற்று முடிவில் கையிலிருக்கும் ஒவ்வொரு 5 டாலருக்கும் 1 டாலர் வட்டி, உச்சம் 5. அதாவது 25 டாலர் வைத்திருந்தால் முழு வட்டி கிடைக்கும். இரண்டாவது அல்லது மூன்றாவது ஆன்ட்டுக்குள் 25ஐத் தொட்டு, பிறகு அதற்கு மேல் இருப்பதை மட்டும் செலவழியுங்கள். கடையைப் புதுப்பிக்க முதல் முறை 5 டாலர், அதே கடையில் அடுத்தடுத்து ஒவ்வொரு டாலர் கூடும். மூன்று முறை அழுத்தினால் 18 டாலர் போச்சு. பிளைண்டைத் தவிர்த்துவிட்டுப் போனால் டேக் என்ற ஒரு சலுகை கிடைக்கும், ஆனால் அந்தச் சுற்றின் பரிசுப் பணமும் கடையும் கிடையாது. பழகும்வரை தவிர்க்காதீர்கள்.

ஃப்ளஷ்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'தி ஹெட்' என்ற பாஸ் ஆர்ட்டினையும், 'தி கோட்' இஸ்பேட்டையும், 'தி கிளப்' கிளாவரையும், 'தி விண்டோ' டைமண்டையும் செல்லாக்காசாக்கும். அந்தச் சீட்டுகள் ஃப்ளஷாகச் சேரும், ஆனால் அவற்றின் சொந்த சிப் சேராது. 'தி ஐ' வந்தால் ஒரே வகைக் கையை இருமுறை போட முடியாது. பாஸ் யார் என்பது ஆன்ட் தொடங்கும்போதே திரையில் இருக்கிறது. கடைசி நிமிடத்தில் பார்க்காமல், கடைக்குப் போகும் முன் பாருங்கள். 'லுச்சடோர்' ஜோக்கரை பாஸ் சுற்றின்போது விற்றால் தடை நீங்கும். தொல்லையான பாஸ் காத்திருந்தால் அதற்காகவே ஓர் இடம் ஒதுக்கலாம்.

என் மகனுக்கு 13 வயது. செல்போனில் சீட்டாட்டம் போல ஒன்று ஆடுகிறான். கேட்டால் பலாட்ரோ, சூதாட்டம் இல்லை என்கிறான். நம்பலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

நம்பலாம் அம்மா. அதில் வரும் டாலர் ஆட்டத்துக்குள் மட்டும் இருக்கும் எண். உண்மைப் பணத்தைப் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஒருமுறை விலை கொடுத்து வாங்குவதோடு சரி. நடுவில் காசு கேட்கும் பொத்தான் எதுவும் இல்லை. போக்கரில் வரும் கைகளின் பெயர்களை வைத்துக்கொண்டு கூட்டல், பெருக்கல், நிகழ்தகவு மூன்றையும் ஆட வைக்கிறது. எதிராளி என்று யாரும் இல்லை.

உங்களுக்கு வந்த சந்தேகம் ஐரோப்பாவில் கேம்களுக்கு வயதுச் சான்று கொடுக்கும் பெகி அமைப்புக்கும் வந்தது. 2024இல் 18 வயதுக்கு மேல் என்று முத்திரை போட்டார்கள். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் 12 என்று குறைத்தார்கள். ஆகவே வயதில் பிரச்சினை இல்லை. கவனிக்க வேண்டியது நேரம். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கத் தூண்டும் ஆட்டம் இது. நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதால், 'இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்' என்பதற்கு அவசியமே இல்லை. இதே பெயரை நினைவூட்டும் போலிச் செயலிகளில் உண்மைப் பணமோ விளம்பரமோ இருக்கக்கூடும். அவன் போனில் இருப்பது விலை கொடுத்து வாங்கியதுதானா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

எல்டன் ரிங் முடித்துவிட்டேன், விரிவாக்கமும் வாங்கிவிட்டேன். ஆனால் அதற்குள் போகும் வழி தெரியவில்லை. நண்பன் போனான், 150ஆவது லெவலில் இருந்தும் இரண்டே அடியில் சாகிறான். அவ்வளவு கடினமா?
– ஜே., திருநெல்வேலி

உள்ளே போக இரண்டு பாஸ்களை, அதாவது பெரிய எதிரிகளை, கொன்றிருக்க வேண்டும்: ஸ்டார்ஸ்கர்ஜ் ராடான், லார்ட் ஆஃப் பிளட் மோக். மோக்கைக் கொன்ற இடத்தில், கூட்டிலிருந்து தொங்கும் வாடிய கையைத் தொட்டால் நிழல் நாட்டுக்குப் போவீர்கள். இருவரும் முதன்மைக் கதைக்குக் கட்டாயம் இல்லை என்பதால், ஆட்டத்தை முடித்தவர்களில்கூடப் பலர் மோக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ராடானுக்கு கேலிடில் உள்ள ரெட்மேன் கோட்டையில் திருவிழா தொடங்க வேண்டும். ஆல்டஸ் பீடபூமியில் ஒரு கிரேஸை, அதாவது ஓய்வெடுக்கும் இடத்தை, தொட்டாலே தொடங்கிவிடும். மோக்கிடம் போக இரண்டு வழி. ஒன்று, பனிப்பிரதேசத்தின் மேற்கில் உள்ள வாசல். அதற்கு ஆட்டத்தின் பிற்பகுதி வரை வர வேண்டும். நீங்கள் முடித்துவிட்டதால் இதுவே சுலபம். இன்னொன்று வெள்ளை முகமூடி வாரே. லியர்னியாவின் ரோஸ் தேவாலயத்தில் அவரிடம் பேசினால் பிறர் உலகில் நுழையும் விரல்கள் தருவார். மூன்று முறை நுழைய வேண்டும், ஜெயிக்க வேண்டியதில்லை. இணையத்தில் ஆட விரும்பாதவர்கள் ஆல்டஸில் உள்ள ரைத்பிளட் இடிபாடுகளில் மேக்னஸ் என்ற கணினிப் பாத்திரத்தைத் தோற்கடித்தாலும் கணக்கில் வரும்.

நண்பர் சாவதற்குக் காரணம் லெவல் இல்லை. நிழல் நாட்டில் அடிக்கும் பலமும் தாங்கும் பலமும் 'ஸ்காடுட்ரீ' துண்டுகளைப் பொறுத்தவை. மொத்தம் 50 துண்டுகள். கிரேஸில் உட்கார்ந்து மெனுவில் செலவழித்தால் 20 நிலைகள் வரை ஏறலாம். 150 லெவலில் துண்டே எடுக்காமல் போகிறவரைவிட 120 லெவலில் துண்டு சேர்த்தவர் அதிகம் தாங்குவார். வெளிவந்த சில நாட்களிலேயே, முதல் பாதி நிலைகளின் பலனைக் கூட்டி ஒரு திருத்தமும் வந்தது. ஆகவே முதல் சில துண்டுகள்தான் மிகப் பெரிய மாற்றம் தருபவை. மிக்கேலாவின் சிலுவைகளுக்கு அருகில், தேவாலயங்களில், மரிகாவின் சிலைகளுக்கு அடியில் தேடுங்கள். தலையில் பானை சுமந்தபடி ஓரமாக நிற்கும் நிழல் உருவங்களை விட்டுவிடாதீர்கள். சண்டையே போடமாட்டார்கள் என்பதால் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்களில் பலரிடம் துண்டு இருக்கிறது. சில நீர்யானைகளிடமும் உண்டு. ஒரு பாஸிடம் ஐந்தாறு முறை தோற்றால் அந்தப் பாஸை விட்டுவிட்டு, குதிரை ஏறி இன்னும் போகாத திசையில் போங்கள். இந்த விரிவாக்கம் கற்றுத்தருவதே அதைத்தான்.

அப்படியும் முடியாவிட்டால், நேரடி அடியை 100 சதவீதம் தடுக்கும் பெரிய கேடயமும் ஒரு ஈட்டியும் எடுங்கள். ஈட்டியால் கேடயத்தை இறக்காமலே குத்தலாம். வேகமான பாஸ்களிடம் இடைவெளி தேடிக் காத்திருக்கும் சிரமம் போய்விடும். எடை தாங்கும் திறனான எண்டியூரன்ஸ் போதாமல் எடை கூடி உருள்வது மந்தமானால் மட்டும் பலன் இல்லை. கவசத்தில் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஆடும் புதிய சுற்று தொடங்குவதற்கு முன்பே உள்ளே போங்கள். தொடங்கிவிட்டால் இரு பாஸ்களையும் மறுபடி கொல்ல வேண்டும், எதிரிகளின் பலமும் ஏறிவிடும்.

ஃபேக்டோரியோ ஸ்பேஸ் ஏஜில் வல்கேனஸ், ஃபுல்கோரா இரண்டும் நன்றாக ஓடுகின்றன. கிளெபா மட்டும் அரைமணி நேரத்தில் நின்றுவிடுகிறது. விதையும் தீர்ந்துபோகிறது. நண்பர்கள் எல்லோரும் கிளெபாவைத் திட்டுகிறார்கள்.
– பி.வி., பினாங்கு

2024 அக்டோபர் 21இல் வந்த இந்த விரிவாக்கத்தின் மிகச் சிறந்த பகுதி கிளெபா என்ற கோள் என்பது என் உறுதியான கருத்து. மற்ற கோள்களில் பொருளைச் சேர்த்து வைப்பவன் புத்திசாலி. இங்கே சேர்த்து வைத்தால் அழுகிவிடும். பழக்கத்தை மாற்றாமல் வந்தால் நின்றுதான் போகும்.

அழுகும் நேரங்களை முதலில் மனதில் வையுங்கள். யுமாகோ பழமும் ஜெல்லிநட்டும் 1 மணி நேரம் தாங்கும். யுமாகோ கூழ் 3 நிமிடம், ஜெல்லி 4 நிமிடம், நியூட்ரியன்ட் 5 நிமிடம். பயோஃப்ளக்ஸ் 2 மணி நேரம். ஆகவே தூரம் கொண்டுபோவதைப் பழமாகவோ பயோஃப்ளக்ஸாகவோ கொண்டுபோங்கள். கூழையும் ஜெல்லியையும் செய்த இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே தீர்த்துவிடுங்கள். முடிந்தால் பெல்ட்டே இல்லாமல், பொருளை எடுத்து வைக்கும் கையான இன்சர்ட்டரால் நேராக அடுத்த இயந்திரத்துக்கு மாற்றுங்கள். 15 கூழும் 12 ஜெல்லியும் 4 பயோஃப்ளக்ஸ் தரும்.

விதை தீர்வதற்குக் காரணம் இது. ஒரு மரம் 50 பழம் தரும். பழத்தைப் பிளக்கும்போது விதை கிடைக்க 2 சதவீத வாய்ப்பு. 50 பழத்துக்குச் சராசரி 1 விதை. போட்டது ஒன்று, வந்தது ஒன்று. அதில் நான்கு பழம் பெல்ட்டில் அழுகினாலே நஷ்டம் தொடங்கிவிட்டது. பயோசேம்பர் என்ற உயிரியல் இயந்திரத்தில் பிளந்தால் அதற்கே உரிய 50 சதவீத உற்பத்திக் கூடுதலால் சராசரி 1.5 விதை. எனவே சாதாரண அசெம்பிளரில் பழம் பிளக்காதீர்கள். கூழ் தேவையில்லாவிட்டாலும் வரும் பழம் எல்லாவற்றையும் பிளந்துவிடுங்கள். விதையை எடுத்துக்கொண்டு, மிஞ்சும் கூழை எரியுங்கள்.

நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பெல்ட்டின் முனை. முனை மூடியிருந்தால் பொருள் அங்கேயே நின்று அழுகும். அழுகல் அடைத்துக்கொண்டால் நல்ல பொருள் பின்னால் தேங்கி அதுவும் அழுகும். எந்த பெல்ட்டும் முடிவில் ஹீட்டிங் டவருக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே எரிவது வீண் இல்லை, மின்சாரமாகிறது. ஒவ்வொரு பயோசேம்பருக்கும் அழுகலை மட்டும் வெளியே எடுக்கும் ஒரு இன்சர்ட்டரை, வடிகட்டி போட்டு, தனியாக வையுங்கள். உள்ளே இருக்கும் மூலப்பொருள் அழுகினாலும் அது வெளியே வந்தாக வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த ஒரு இன்சர்ட்டரைத்தான்.

பயோசேம்பர் ஓட நியூட்ரியன்ட் வேண்டும். நியூட்ரியன்ட்டைச் செய்வதும் பயோசேம்பர்தான். ஒருமுறை அறுந்தால் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும். இதற்கு மருந்து, அழுகலிலிருந்து நியூட்ரியன்ட் செய்யும் ஒரு சாதாரண அசெம்பிளரை நிரந்தரமாக ஓரத்தில் வைப்பது. அதற்கு மின்சாரமும் அழுகலும் போதும். அளவு குறைவுதான், ஆனால் நின்ற தொழிற்சாலையைத் தானாகவே கிளப்பிவிடும்.

கிளெபாவின் எதிரி உயிரான பென்டாபாட்டின் முட்டை 15 நிமிடத்தில் பொரிந்து எதிரியாகிவிடும். முட்டை செய்யும் சேம்பரைச் சுற்றி துப்பாக்கிக் கோபுரம் இல்லாமல் வேறு கோளுக்குக் கிளம்பாதீர்கள். விவசாய அறிவியல் பொதியும் 1 மணி நேரத்தில் அழுகும்; ராக்கெட் தயாரான பிறகு பொதி செய்யத் தொடங்கினால், தொடக்கக் கோளான நாவிஸுக்குப் போகும்போது புதிதாக இருக்கும்.

டிராகன்ஸ் டாக்மா 2இல் விடுதியில் தூங்கி எழுந்தால் ஊரே செத்துக் கிடக்கிறது! எந்த எச்சரிக்கையும் இல்லை. பழைய சேவ் கோப்பை மீட்க வழி உண்டா? நகரத்துக்குள் ஆட்டம் திக்கித்திக்கி ஓடுவதற்கும் தீர்வு சொல்லுங்கள்.
– டி.என்., யாழ்ப்பாணம்

பான் எனப்படும் உங்கள் துணைவர்களில் ஒருவருக்கு டிராகன் பிளேக் என்ற நோய் முற்றியிருக்கிறது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் மெல்லியது: கண் சிவந்து ஒளிரும், தலையைப் பிடித்துக்கொள்வார், கட்டளையை அலட்சியம் செய்வார், பேச்சில் திமிர் ஏறும். இந்த நிலையில் விடுதியில் தங்கினால் இரவில் ஊர்மக்களைக் கொன்றுவிடுவார். ஒரு பானிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும். வாடகைப் பானுக்கு வந்தால் அனுப்பிவிடுங்கள். உங்கள் சொந்தப் பானுக்கே வந்தால் தூக்கி ஆழமான தண்ணீரில் போட வேண்டும், அங்கே இருக்கும் பிரைன் என்ற பூதம் விழுங்கிவிடும். பிறகு பான்களை வரவழைக்கும் ரிஃப்ட் கல்லில் அழைத்தால் நோயில்லாமல் வருவார். விடுதிக்குள் நுழையும் முன் எல்லோர் கண்ணையும் ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

சேவ் கோப்பைப் பொறுத்தவரை, விடுதியில் தங்கினாலே பழைய விடுதிச் சேவின் மேல் எழுதப்பட்டுவிடும் என்பதால் பின்னால் போவதற்கில்லை. முக்கியமானவர்களின் உடல் பிணவறையில் இருக்கும். வேக்ஸ்டோன் ஒன்றுக்கு ஒருவரை எழுப்பலாம். கதைக்குத் தேவையானவர்களை முதலில் எழுப்புங்கள்.

திக்கித்திக்கி ஓடுவதற்குக் காரணம் கிராபிக்ஸ் கார்டு இல்லை, சி.பி.யூ. நகரத்தில் நடமாடும் ஒவ்வொருவரின் இயக்கத்தையும் அது கணக்கிடுகிறது. அதனால்தான் காட்டில் சீராக ஓடுவது வெர்ன்வொர்த் நகரில் தடுமாறுகிறது. நிழல், டெக்ஸ்சர் எல்லாவற்றையும் குறைத்தாலும் அங்கே பெரிய மாற்றம் தெரியாது. ஃபிரேம் எண்ணிக்கையை 30இல் பூட்டிவிட்டால் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கும். இதில் ஆட்டக்காரர் மேல் குற்றமில்லை, உருவாக்கத்திலேயே உள்ள குறை.

7 வயதுக் குழந்தைக்கு ஆஸ்ட்ரோ பாட் சரிப்படுமா?
– வி., சேலம்

சரிப்படும், பக்கத்தில் ஒருவர் இருந்தால். பிளேஸ்டேஷன் 5இல் மட்டும்தான். ஒருவர்தான் ஆட முடியும். ஒரே அடியில் ஆஸ்ட்ரோ விழுந்துவிடுவான், ஆனால் மறுபடி தொடங்கும் இடங்கள் நெருக்கமாக இருப்பதால் குழந்தைகள் சோர்வதில்லை. குதித்த பிறகு பட்டனை விடாமல் பிடித்தால் காலிலிருந்து ஒளிக்கற்றை வந்து மிதப்பான்; கீழே இருக்கும் எதிரியும் அதில் அழிவான். இதைக் கற்றுக்கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒருமுறை முடித்த லெவலுக்குத் திரும்பினால் 200 நாணயத்துக்கு ஒரு பறவை துணைக்கு வந்து விட்டுப்போன குட்டி ரோபோக்களைக் காட்டும். பட்டன் வடிவங்களின் பெயரில் வரும் சிறிய சவால் லெவல்களில் நடுவில் தொடங்கும் இடம் கிடையாது. அவற்றை நீங்கள் ஆடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப், 4 ஜி.பி. ரேம். கல்லூரி விடுதி, நெட் வேகமும் இல்லை. 2024இன் நல்ல கேம் எதுவும் எனக்கு இல்லையா அண்ணா?
– எம்., வேலூர்

நிறைய இருக்கிறது தம்பி. அனிமல் வெல் 40 எம்.பி.கூட இல்லை, செல்போன் டேட்டாவிலேயே இறங்கிவிடும். இருட்டுக் கிணறு போன்ற உலகில் ஒரு சிறு உருண்டை உயிர். சண்டை கிடையாது, விளக்கமும் கிடையாது. கிடைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டாவது, மூன்றாவது பயன் உண்டு என்பதை மட்டும் நினைவில் வை. குமிழி விடும் கோல் கிடைத்ததும், ஜம்ப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே குமிழி மேல் இறங்கிப் பார். அதன் பிறகு முன்பு எட்டாத உயரங்கள் எட்டும். முடிவுக் காட்சி வந்ததும் மூடிவிடாதே. 64 முட்டைகளைத் தேடும் ஆட்டம் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். விடையை வீடியோவில் பார்த்தால் இந்த கேமில் வேறெதுவும் மிஞ்சாது, அதனால் பார்க்காதே.

இன்னொன்று யூ.எஃப்.ஓ. 50. 1980களில் இருந்ததாகக் கற்பனை செய்த ஒரு நிறுவனத்தின் பெயரில் 50 முழு ஆட்டங்கள், 2024 செப்டம்பர் 18இல் வந்தது. முதலாவதான பார்புட்டாவில் தொடங்கினால் வெறுத்துவிடும். அதைத் தள்ளிவைத்து 'பார்ட்டி ஹவுஸ்' ஆடு. 25 நாளைக்குள் நட்சத்திரம் பெற்ற நான்கு விருந்தாளிகளை ஒரே விருந்தில் கூட்ட வேண்டும். மூன்று வம்புக் குறி சேர்ந்தால் போலீஸ் வந்து விருந்தைக் கலைத்துவிடும். ஆரம்பத்தில் புகழ் தருகிறார்களே என்று வம்புக்காரர்களைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் தோல்விக்கு வழி. வம்பைத் தணிக்கும் ஹிப்பி ஒருவரை முதலில் வாங்கு. வீட்டை ஓரளவுக்குப் பெரிதாக்கு. இடம் இருந்தால்தான் நட்சத்திரங்கள் ஒன்றாகச் சேரும்.

பலாட்ரோவும் இதே லேப்டாப்பில் ஓடும். வாங்கிவிட்டு ஓடாமல் போனால் என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பும்.

தமிழ்க் குடும்பத்தை வைத்து ஒரு கேம் 2024இல் விருது வாங்கியதாமே, அது உங்கள் பட்டியலில் ஏன் இல்லை?
– எல்.எஸ்., சிங்கப்பூர்

'வெண்பா'வைச் சொல்கிறீர்கள். வெளிவந்தது 2023 ஜூலை 31. அதனால்தான் பட்டியலில் இல்லை. டொரன்டோவின் விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், சிதைந்துபோன ஒரு சமையல் குறிப்பேடு. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைக்க வேண்டும். 2024இல் சுயாதீன கேம் விழாவான ஐ.ஜி.எஃப்.இன் தலைமைப் பரிசும், பாஃப்டாவின் சிறந்த அறிமுக விருதும் கிடைத்தன. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் அத்தியாயத்தில் இட்லித் தட்டுகளை அடுக்கும்போது நின்று யோசியுங்கள்: குழி மேல் குழி வந்தால் ஆவி எப்படி மேலே போகும்? வீட்டில் இட்லி ஊற்றுபவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆடுங்கள். விடையை அவர் உடனே சொல்லிவிடுவார்.